செக்குக்குப் பின்னால் ஒரு கையெழுத்து, காமிக்ஸ் அட்டை மேல் ஒரு கையெழுத்து

1/
2024 பிப்ரவரியில் சென்னைக்கும் காமிக் கான் வந்தது. அப்போதிருந்து நம்ம ஊர்ப் பிள்ளைகளும் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்போடு அணைச்சுக்கிட்டு, ஓவியரின் மேஜை முன்னாடி வரிசையில் நிற்க ஆரம்பிச்சிருக்காங்க. "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா?" என்று பெற்றோர் கேட்பதும் நடக்கிறது.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 90 வருஷ வரலாறு இருக்கு. அதில் பணம் இருக்கு, துரோகம் இருக்கு, வழக்கு இருக்கு. என் துறை சார்ந்த ரத்தமும் நரம்பும் கூட இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
முதல் காட்சி, 1938 மார்ச். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் இருவர், எழுத்தாளர் ஜெர்ரி சீகல், ஓவியர் ஜோ ஷூஸ்டர். ரெண்டு பேருக்கும் வயசு 23. பதிப்பகத்திலிருந்து ஒரு செக் வருது. மொத்தத் தொகை 412 டாலர். அதில் 130 டாலர் மட்டும் ஒரு குறிப்பிட்ட கதைக்கு. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர்.

அந்தக் கதையின் நாயகன் சூப்பர்மேன்.

அந்த 130 டாலருக்குக் கதை மட்டும் போகலை, பாத்திரத்தின் முழு உரிமையும் போயிடுச்சு. செக்கைத் திருப்பி பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, பேங்க்ல மாத்திக்கிட்டாங்க.

3/
அதே செக் 2012-ல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. கடையில் அன்றைக்கு அதன் விலை 10 சென்ட்.

படைத்தவங்க கதை என்ன ஆச்சு? 1970-களின் நடுவில் சீகல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சாதாரண குமாஸ்தா. ஷூஸ்டருக்குப் பார்வை பெருமளவு போய், தம்பி வீட்டில் தங்கியிருந்தார். ஓவியருக்குக் கண் போறதுன்னா அது வெறும் நோய் இல்லைங்க, தொழிலே போறது.

4/
1975-ல் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் வரப்போகுதுன்னு செய்தி வந்ததும் சீகல் கொதித்துப் போய் ஒரு நீண்ட அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் அவருக்காகக் களத்தில் இறங்கினாங்க. கடைசியில் நிறுவனம் இறங்கி வந்து இருவருக்கும் ஆயுள் முழுக்க வருஷத்துக்கு 20,000 டாலர், மருத்துவச் செலவுக்கான வசதி, அதோடு "சீகல், ஷூஸ்டர் படைத்தது" என்று புத்தகத்தில் பெயர், இவ்வளவுக்கும் சம்மதித்தது.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அவங்க கேட்டதில் முக்கியமானவை மூணு: பணம், வைத்தியம், பெயர். இந்த இழை முழுக்க இந்த மூணும்தான் திரும்பத் திரும்ப வரும்.

5/
"பெயர் போடுறதுல என்ன கஷ்டம்?" என்று தோணலாம். அன்றைய காமிக்ஸ் தொழிலில் பெயர் என்பது ஒரு பிராண்ட். வரைந்தவர் யார் என்பது வாசகனுக்குத் தெரியவே தெரியாது.

பேட்மேன் கதைகளை எடுத்துக்கோங்க. பல வருஷமா முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் "பாப் கேன்" என்று கையெழுத்து இருக்கும். ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பகுதியை வரைந்தது வேறு ஆட்கள். ஷெல்டன் மோல்டாஃப் என்பவர் 1953-லிருந்து 1967 வரை கேனுக்காக வரைந்தார். பக்கத்தில் இருப்பது கேன் பெயர். கை மோல்டாஃபுடையது.

6/
அதைவிடப் பெரிய அநியாயம் பில் ஃபிங்கருக்கு நடந்தது. பேட்மேனின் தொப்பியும் அங்கியும், சாம்பல் நிற உடையும், கோதம் நகரமும், புரூஸ் வெய்ன் என்ற பெயரும் அவரிடமிருந்து வந்தவை. முதல் கதையை எழுதியவரும் அவர்தான். ஒப்பந்தம் மட்டும் கேனோடது. ஆகவே "படைத்தவர்" என்ற இடத்தில் கேன் மட்டும்.

இந்த உண்மை வெளியே வந்த இடம்தான் நமக்கு முக்கியம். அது கோர்ட்டு இல்லை, பத்திரிகை ஆபீஸும் இல்லை. ஒரு ரசிகர் மாநாடு!

7/
இங்கே கொஞ்சம் பின்னாடி போகணும். 1964 ஜூலையில் நியூயார்க்கில் பதின்ம வயதுப் பையன்கள் சிலர் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து காமிக்ஸ் ரசிகர் கூட்டம் ஒண்ணு நடத்தினாங்க. வந்தவங்க நூறு பேர் இருக்கலாம். ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ வந்தார். பிற்காலத்தில் "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" புகழ் பெற்ற ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அதில் டிக்கெட் வாங்கி வந்த ஒரு பள்ளிப் பையன்.

மறு வருஷம் 1965-ல் நடந்த நியூயார்க் மாநாட்டில் ஒரு மேடைப் பேச்சுக்கு பில் ஃபிங்கர் வந்தார். ரசிகர்கள் முன்னாடி தான் செய்த வேலையைச் சொன்னார். ஜெர்ரி பெயில்ஸ் என்ற ரசிகர் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். கேன் கோபமாக மறுத்துக் கடிதம் எழுதினார். ஆனால் வெளியே வந்த வார்த்தை மறுபடி உள்ளே போகலை.

8/
ஃபிங்கர் 1974-ல், 59 வயதில், இதய ரத்தக் குழாய் அடைப்பால் இறந்தார். ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர். பேட்மேன் கதைகளில் அவர் பெயர் படைப்பாளராக அதிகாரபூர்வமாக வந்தது எப்போ தெரியுமா? 2015-ல். இறந்து 41 வருஷம் கழிச்சு. பேத்தியும் ஒரு எழுத்தாளரும் விடாம முயன்றதால்.

கையெழுத்து வாங்கக் கூட்டம் கூடும் காலம் வரும்போது அவர் இல்லை. கேன் கையெழுத்திட்ட புத்தகங்கள் இன்றும் சந்தையில் புழங்குகின்றன. ஃபிங்கர் கையெழுத்து கிடைப்பது அரிது. அவரிடம் யாரும் பெரிசா கேட்கவே இல்லையே!

9/
இன்னொரு பக்கம் டிஸ்னி. டொனால்ட் டக் கதைகள் எல்லாமே வால்ட் டிஸ்னி பெயரில்தான் வரும். அதில் ஒருத்தர் வரைந்தது மட்டும் தனியாத் தெரியும். பெயர் தெரியாததால் ரசிகர்கள் அவரை "நல்ல வாத்து ஓவியர்" என்று கூப்பிட்டாங்க. அவர்தான் கார்ல் பார்க்ஸ், அங்கிள் ஸ்க்ரூஜைப் படைத்தவர். 1960 வாக்கில் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டாங்க. நண்பர் யாரோ விளையாடுறாங்கன்னுதான் மனுஷன் முதல்ல நினைச்சாராம். அவ்வளவு வருஷம் வரைந்தவருக்கு ரசிகர் கடிதம் என்றாலே என்னன்னு தெரியலை.

10/
இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. நம்ம வீட்டிலும் நடந்ததுதான். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை மறக்க முடியுமா? அதன் மூலம் பிரிட்டிஷ் இதழில் வந்த தொடர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். மாயாவியைத் தெரிந்த அளவுக்கு பிளாஸ்கோவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. 1977-ல் தொடங்கிய "2000 ஏடி" இதழ்தான் அந்த வழக்கத்தை உடைத்தது.

11/
ரசிகர் மாநாடு வளர்ந்த வேகத்தைப் பாருங்க. சான் டியாகோவில் 1970 மார்ச்சில் ஒரு ஹோட்டலில் ஒருநாள் கூட்டம், நூறு பேர் அளவில். அதே ஆகஸ்டில் மூன்று நாள் மாநாடு, 300 பேர். விருந்தினர்களில் ஒருவர் ஜாக் கிர்பி, கேப்டன் அமெரிக்கா, ஹல்க், தோர் எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்தவர். இப்போ அதே சான் டியாகோ காமிக் கானுக்கு வருகிறவர்கள் 1,30,000-க்கும் மேல்.

ஆரம்பத்தில் கையெழுத்துக்குக் காசு எல்லாம் கிடையாது. பேசுவாங்க, சிரிப்பாங்க, ஒரு சின்னப் படம் போட்டுக் கொடுப்பாங்க. பல ஓவியர்களுக்குத் தன் வேலையை யாரோ உண்மையிலேயே படிச்சிருக்காங்க என்று தெரிந்ததே அந்த மேஜையில்தான்.

12/
இதே காலத்தில் இன்னொரு விதமான கையெழுத்து நடந்துக்கிட்டிருந்தது. மார்வெல் நிறுவனம் சம்பளச் செக்கின் பின்பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே, உரிமை அனைத்தும் நிறுவனத்துக்கே என்ற பொருளில் வாசகம் அச்சிட்டிருந்தது. செக்கை மாத்தணும்னா அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டே ஆகணும்.

யோசிச்சுப் பாருங்க. வாடகை கட்டணும், பிள்ளைக்குப் பால் வாங்கணும். அந்த நேரத்தில் செக்குக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தை யார் படிச்சு வாதாடுவாங்க?

13/
கேரி ஃப்ரெட்ரிக் கதை இங்கேதான் வருது. எரியும் மண்டையோட்டுத் தலையுடன் பைக் ஓட்டும் கோஸ்ட் ரைடர் 1972-ல் வெளிவந்தார். எழுதியவர் ஃப்ரெட்ரிக். 2007-ல் நிக்கோலஸ் கேஜ் நடித்து வந்த படம் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே வருஷம் ஃப்ரெட்ரிக் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்.

2011 கடைசியில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. காரணங்கள் ரெண்டு: செக்குகளின் பின்பக்கம் அவர் போட்ட கையெழுத்து, 1978-ல் நிறுவனம் நீட்டிய ஒரு பக்க ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து.

14/
அதோடு விடலை. மாநாடுகளில் கோஸ்ட் ரைடர் படங்களைக் கையெழுத்திட்டு விற்றார் என்று நிறுவனம் எதிர்வழக்குப் போட்டிருந்தது. 2012 பிப்ரவரியில் 17,000 டாலர் கட்டணும் என்று முடிவானது. "நான்தான் கோஸ்ட் ரைடரைப் படைத்தவன்" என்று சொல்லிக் காசு சம்பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

ஒரு கையெழுத்து அவரிடமிருந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு கையெழுத்தால் நாலு காசு பார்க்கலாம்னா, அதுக்கும் பூட்டு.

15/
ரசிகர்கள் கொதித்துட்டாங்க. சக படைப்பாளிகளும் ரசிகர்களும் அவருக்காகப் பணம் திரட்டினாங்க. மாநாட்டில் படம் வரைந்து விற்கும் ஒவ்வொரு ஓவியருக்கும் "நாளைக்கு நமக்கும் இதுதானா?" என்ற பயம் வந்தது. மற்ற ஓவியர்கள் விஷயத்தில் புதுக் கொள்கை எதுவும் இல்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

2013 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தது. 1978 ஒப்பந்தத்தின் வாசகம் தெளிவாக இல்லை, முழு விசாரணை வேணும் என்றது. அந்த வருஷமே இரு தரப்பும் சமரசம் ஆகிட்டாங்க. 2018-ல் ஃப்ரெட்ரிக் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்கின்சன் நோய் இருந்தது.

16/
ஒரு டாக்டரா இங்கே நிறுத்தி ஒண்ணு சொல்லணும். பார்கின்சன் நோயில் நடுக்கம் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத அறிகுறி ஒண்ணு, கையெழுத்து சுருங்குவது. மைக்ரோகிராஃபியா என்போம். ஒரு வரி எழுதச் சொன்னா முதல் எழுத்து பெரிசா இருக்கும், போகப் போகப் பொடியாகிடும். நடுக்கம் தெரியும் முன்பே சிலருக்கு இது தெரிய ஆரம்பிக்கும். வீட்டுப் பெரியவங்க பேங்க் கையெழுத்து பொருந்தலைன்னு திரும்பி வந்தா "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. ஒரு தடவை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்க.

பார்கின்சன் மட்டும் இல்லை. பரம்பரையாக வரும் கை நடுக்கம், பக்கவாதம், மூட்டு வாதம், விழித்திரை நோய் எல்லாமே கையெழுத்தை மாற்றும். ஒரே ஆள் 40 வயதில் போட்டதும் 85 வயதில் போட்டதும் ரெண்டு ஆள் போட்ட மாதிரி இருக்கலாம்.

17/
இதனாலதான் கையெழுத்துச் சந்தையில் பெரிய கேள்வி வந்தது. இது உண்மையா, போலியா? எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாதே.

2000-ல் அமெரிக்காவில் சிஜிசி என்ற நிறுவனம் வந்தது. காமிக்ஸ் புத்தகத்தின் நிலையைப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைக்கும் நிறுவனம். கையெழுத்துக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எளிமையானது. படைப்பாளி கையெழுத்துப் போடும்போது நிறுவனத்தின் சாட்சி ஒருத்தர் பக்கத்தில் நின்னு கண்ணால் பார்க்கணும். அப்போதான் மஞ்சள் லேபிள். சாட்சி இல்லாத கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும், அது அட்டையில் யாரோ கிறுக்கியதாகவே பல வருஷம் கணக்கு வச்சிருந்தாங்க. பொதுவா பச்சை லேபிள்தான் கிடைச்சுது.

18/
எம்பிபிஎஸ்ஸில் தடயவியல் மருத்துவம் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகளை பாட்டிலில் போட்டு, சீல் வச்சு, காவலர் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சு என்ற சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தாலும் கோர்ட்டில் அந்தச் சாட்சியம் நிற்காது. காமிக்ஸ் அட்டைக்கும் இதே சங்கிலி வந்துடுச்சு!

விளைவு? கையெழுத்து நினைவுப் பொருளாக இருந்தது போய், முதலீடாக மாறியது. இப்போ பல படைப்பாளிகள் சாதாரண ரசிகருக்கு ஒரு விலை, பெட்டியில் போட்டு விற்கப் போகிறவருக்கு அதைவிட அதிக விலை என்று வைக்கிறாங்க. எனக்கு இதில் தப்பு தெரியலை. 130 டாலர் கதையைப் படிச்ச பிறகு யாருக்குத் தெரியும்?

19/
இப்போ ரத்தக் கதை. 1977-ல் "கிஸ்" என்ற ராக் இசைக் குழுவை வைத்து மார்வெல் ஒரு சிறப்பிதழ் போட்டது. விளம்பரத்துக்காக குழுவினர் நாலு பேரிடமும் ரத்தம் எடுத்து, நோட்டரி முன்னிலையில் உறுதிப் பத்திரம் எழுதி, நியூயார்க் மாநிலத்தில் இருந்த அச்சு மை ஆலையில் சிவப்பு மைக்குள் ஊத்தினாங்க.

டாக்டர் குறிப்பு: ரத்தத்தை மட்டும் வச்சு அச்சடிச்சா சிவப்பு நிக்காது. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து காய்ந்த பிறகு பழுப்பாகிடும். சட்டையில் பட்ட ரத்தக் கறையைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பக்கங்களின் சிவப்பு, மையின் சிவப்புதான்.

20/
அதைவிட மனசைத் தொடுவது மார்க் க்ரூன்வால்ட் கதை. மார்வெலின் ஆசிரியர், எழுத்தாளர். 1996-ல் 43 வயதில் திடீர்னு இறந்துட்டார். பிறவியிலேயே இருந்து கண்டுபிடிக்கப்படாத இதயக் குறைபாடு. தன் சாம்பலைக் காமிக்ஸில் கலக்கணும் என்பது அவர் விருப்பம். 1997-ல் அவரது "ஸ்குவாட்ரன் சுப்ரீம்" தொகுப்பு வந்தபோது அச்சு மையில் அவர் சாம்பலைக் கலந்தாங்க. அந்த முதல் அச்சில் அவர் கையெழுத்து இல்லை, அவரே இருக்கார்.

21/
2018-ல் வேறு மாதிரி ஒரு செய்தி. 95 வயது ஸ்டான் லீயின் ரத்தத்தை அவர் அனுமதி இல்லாமல் எடுத்து, அதைச் சேர்த்த மையால் அவரது கையெழுத்து முத்திரை குத்திய காமிக்ஸ்கள் விற்பனைக்கு வந்தன என்று ஊடகங்களில் குற்றச்சாட்டு வெளியானது. சம்பந்தப்பட்டவர் தரப்பு அதை மறுத்தது.

அந்தக் குற்றச்சாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். கிஸ் குழுவுக்கும் க்ரூன்வால்டுக்கும் சம்மதம் இருந்தது. ரத்தம் எடுக்கிற எங்க தொழிலில் முதல் பாடமே அதுதான். ஊசிக்கு முன்னாடி சம்மதம்.

22/
ஸ்டான் லீயின் கடைசி வருஷங்களை நினைச்சா கஷ்டமா இருக்கு. பார்வை மங்கியிருந்தது. கையெழுத்துக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியிருந்தது. வரிசையில் நூற்றுக்கணக்கானவர்கள். 2018 நவம்பரில் அவர் இறப்பதற்கு முந்தைய மாதங்களில், அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரை நடத்திய விதம் பற்றி நீதிமன்றம் வரை புகார் போனது. வயதானவரின் கையெழுத்துக்கு மதிப்பு கூடக் கூட, அந்தக் கையைப் பிடிக்க ஆட்களும் கூடுவாங்க. சொத்துப் பத்திரத்தில் நாம பார்க்காததா?

23/
எதிர்ப்பக்கம் ஒருத்தர், பில் மான்ட்லோ. 1976-ல் ஓவியர் கீத் கிஃபனோடு சேர்ந்து ராக்கெட் ரக்கூன் பாத்திரத்தைப் படைத்த எழுத்தாளர். பிறகு சட்டம் படித்து, வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக வாதாடினார். 1992-ல் ரோலர் ஸ்கேட்டில் போகும்போது ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. மூளையில் பலத்த காயம். அன்று முதல் ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வேண்டிய நிலை. காப்பீட்டுப் பணம் ஒரு கட்டத்தோடு நின்றது. அவரது சகோதரர்தான் தாங்கினார்.

2014-ல் "கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி" வந்து ராக்கெட் உலகப் புகழ் பெற்றபோது மான்ட்லோ பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அவருக்கென்று தனியாகப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க. வரிசை வைத்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்க வேண்டிய காலம் அது. கை அதற்கு இல்லை.

24/
அமெரிக்காவில் காமிக்ஸ் படைப்பாளிகளில் பெரும்பாலோர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆட்கள். பென்ஷன் இல்லை, நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு இல்லை. ஒரு பைபாஸ் அறுவை சிகிச்சை போதும், வீடு போயிடும். இதற்காகவே 2000-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினாங்க. இப்போ அதன் பெயர் ஹீரோ இனிஷியேட்டிவ். நோய்வாய்ப்பட்ட, வாடகை கட்ட முடியாத மூத்த படைப்பாளிகளுக்குப் பணம் கொடுக்குது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருது? மாநாடுகளில் நல்ல நிலையில் இருக்கும் ஓவியர்கள் நன்கொடை பெற்றுக்கொண்டு போடும் கையெழுத்திலிருந்து.

செக்குக்குப் பின்னால் போட்ட கையெழுத்து எடுத்துக்கொண்டதை, அட்டை மேல் போடும் கையெழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருது.

25/
மாநாட்டுக்குப் போகிறவங்களுக்குச் சில வார்த்தை.

கட்டணம் கேட்டா முகம் சுளிக்காதீங்க. 70 வயது ஓவியருக்கு அது அந்த மாத மாத்திரைச் செலவாக இருக்கலாம்.

புகழ் பெற்றவர் வரிசையில் மட்டும் நிற்காதீங்க. மை தீட்டியவர், வண்ணம் போட்டவர், எழுத்து எழுதியவர் மேஜை காலியா இருக்கும். போய்ப் பேசுங்க.

உங்க பெயர் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்க. பெயர் சேர்த்தா மறுவிற்பனை விலை பொதுவா குறையும். ஆனால் விற்கப் போறதில்லைன்னு தெரிஞ்சதும் பல ஓவியர்கள் முகம் மலர்வாங்க.

20 புத்தகத்தை அடுக்காதீங்க. நாள் முழுக்கப் பேனா பிடிச்சா கட்டைவிரல் தசைநாண் வீங்கும், மணிக்கட்டு நரம்பு அழுந்தும். அவங்க பிழைப்பே அந்தக் கைதான்.

26/
நாளைக்கு உங்க பிள்ளை ஏதாவது படம் வரைஞ்சு கொண்டு வந்தா, கீழே பெயர் எழுதி, தேதி போடச் சொல்லிக் கொடுங்க. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அதுக்கு மேலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடவும் சொல்லிக் கொடுங்க. 1938-ல் கிளீவ்லாந்தில் அந்த ரெண்டு பசங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

உங்ககிட்ட யாராவது ஓவியர், எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட புத்தகம் இருந்தா, யாருடையதுன்னு கீழே சொல்லுங்க. அவங்க பெயர் இன்னும் நாலு பேருக்குத் தெரியட்டும்.